சாம்பல் நிறமே அடித்துவிடு

தம்பி,

நீ போட்ட கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போன் பெரியப்பா கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது என்பதும், அவருக்குக் கண் மங்கினாலும் காது மங்கவில்லை என்பதும் உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதியிருக்கிறாய். நானும் அதனால்தான் எழுதுகிறேன். கொல்லையில் நெல்லைக் காயப்போட்டுவிட்டு, கோழி விரட்டிக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோழியைத் திட்டு.

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். முதல் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை. அப்பா பெயருக்கு முன்னால் ‘திரு’ போடுவதா ‘அமரர்’ போடுவதா என்று பெண் வீட்டில் கேட்கிறார்கள், ‘திரு’ என்றுதான் போடவேண்டும் என்று பெரியப்பா ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருக்கிறார், நீ என்ன சொல்கிறாய் அம்மா என்று. அப்புறம் என் முழங்கால் வலி, மாத்திரை, ஊரில் மழை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் இன்னொன்று. நீங்கள் பழுதுபார்க்கிற, அப்பா பறந்த அதே ரகத்துப் பழைய கடற்படை விமானத்தைக் கடற்கரைச் சாலையில் மேடை கட்டி நிறுத்தப்போகிறார்கள், அடிவயிற்றில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடிக்கவேண்டும் என்று குழுவில் எல்லோரும் சொல்கிறார்கள், போர் சமயத்தில் அது சாம்பல் நிறத்தில் பறந்ததாக ஒரு பெரியவர் மட்டும் சொல்கிறார், உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று. இரண்டுக்கும் நடுவில் நீ நிறைய இடம் விட்டிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான். ஏன் என்று சொல்கிறேன். இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணமும் அதிலேயே வரும்.

ஊரில் உன் அப்பாவைப் பைலட் என்பார்கள். அவர் விமானம் ஓட்டியவர் இல்லை. வயலும் வேண்டாம் வரப்பும் வேண்டாம் என்று வீட்டைவிட்டு ஓடிப்போய்க் கடற்படையில் சேர்ந்தவர். கொச்சியில் விமானங்களுக்குத் தகடு பொருத்துவதும் ஓட்டை அடைப்பதும் பெயின்ட் அடிப்பதும்தான் வேலை. அதோடு குறி இழுக்கிற விமானத்தின் பின்சீட்டில் ஏறிப்போவார். கப்பலில் பீரங்கி சுடப் பழகுகிறவர்களுக்கு வானத்தில் ஒரு குறி வேண்டும் அல்லவா? நீளமான துணிப் பை ஒன்றை வடத்தில் கட்டி, விமானத்துக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி இழுத்துக்கொண்டு போவார்கள். கீழே இருப்பவர்கள் அந்தத் துணியைச் சுடுவார்கள். வடத்தை விடுவதும் சுருட்டுவதும் உன் அப்பா வேலை. பழகுகிறவன்தானே சுடுகிறான், துணிக்குப் பதிலாக உங்களைச் சுட்டுவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அதற்குத்தான் அடியில் பட்டை அடிக்கிறோம் என்றார்.

கல்யாணமாகி நான் கொச்சிக்குப் போனபோது விமானம் என்பது எனக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். நிறம் பார்த்து அடையாளம் சொல்ல அவர்தான் சொல்லிக்கொடுத்தார். முழுக்க மஞ்சளாக ஒன்று போனால் புதிதாகப் பழகுகிறவன் ஓட்டுகிறான், மற்றவர்கள் ஒதுங்கிப் போகவேண்டும். வெள்ளைக்காரன் காலத்துப் பழசாக இருந்தால் உடம்பு வெள்ளி நிறத்தில் இருக்கும், இடுப்பிலும் இறக்கையிலும் மட்டும் மஞ்சள் வளையம் போட்டிருக்கும். பிற்பாடு மூக்கிலும் வாலிலும் இறக்கை நுனியிலும் கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு வந்தது. விழுந்தாலும் தண்ணீரில் தெரியவேண்டும் என்று. இவர் போகிற விமானத்துக்கு மேலே வெள்ளி, அடியில் மஞ்சளும் கறுப்பும் மாறிமாறிச் சாய்வாக. சண்டைக்குப் போகிற விமானங்கள் மட்டும் மேலே கடல் நிறமும் அடியில் வான் நிறமுமாக, இருக்கிற இடம் தெரியாமல் இருக்கும். “சண்டைக்குப் போறவன் ஒளியணும். பழகுறவன் காட்டிக்கணும். நாங்க குறி இழுக்கறவங்க, கூப்பாடே போடணும்” என்று சொல்லிச் சிரிப்பார். சிரிக்கும்போது பல்லெல்லாம் தெரியும். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு பெயின்ட் ஒட்டியிருக்கும். சோறு பிசைகிற கையைப் பார்த்தே அன்றைக்கு எந்த விமானத்துக்கு வேலை நடந்தது என்று நான் சொல்லிவிடுவேன்.

நீ பிறந்து உட்கார ஆரம்பித்த பிறகு, சாயங்காலம் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். அந்தப் பட்டை வயிறு தலைக்குமேல் திரும்பும். நம் ஊரில் கதண்டுக் குளவி பறந்து வருமே, அப்படியே இருக்கும். அதோ அப்பா கதண்டு என்று காட்டுவேன். நீ கையை ஆட்டுவாய். பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத் தங்கள் வீட்டுக்காரர் எதில் போகிறார் என்று தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

அப்புறம் வங்காளத்துப் பக்கம் போர் வந்தது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். தளத்தில் எந்த விமானமும் மேலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்று உத்தரவாகி, பழகுகிற விமானம், குறி இழுக்கிற விமானம் எல்லாவற்றின் மேலும் சாம்பல் அடித்தார்கள். உன் அப்பா விடிந்து போனால் பொழுதடைந்துதான் வருவார். மஞ்சளை மறைப்பது லேசில்லையாம். ஒரு கை அடித்தால் அடியிலிருந்து பல்லைக் காட்டுமாம். காய்ந்த பிறகு இன்னொரு கை அடித்தால்தான் அடங்குமாம். கதண்டை அடித்து முடித்த அன்றைக்குச் சோற்றில் கை வைத்தார், சாப்பிடவில்லை. “என் கையாலயே அதக் கொன்னு போட்டேன்” என்றார். நான் சிரித்தேன். தகரத்துக்குப் போய் இப்படி வருத்தப்படுகிறாரே என்று நினைத்தேன்.

போர் சீக்கிரமே முடிந்துவிட்டது. ஜன்னல் காகிதத்தைக் கிழித்தோம். விமானங்களுக்குப் பழைய நிறம் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கதண்டும் தன் முறைக்காக வரிசையில் நின்றது. பயிற்சி மட்டும் நிற்கமுடியாதே, சாம்பலோடேயே பறந்தது. நான் யாரையும் குறை சொல்லவில்லை, அன்றும் சொல்லவில்லை. எல்லா வேலையையும் ஒரே நாளில் செய்யமுடியாது. கடற்கரையில் நின்று பார்ப்பேன். ஏதோ ஒன்று போகும், ஏதோ ஒன்று வரும். எது அவருடையது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. உனக்கு எல்லாவற்றையும் காட்டி வைத்தேன், ஏதாவது ஒன்று சரியாக இருக்கட்டும் என்று.

மாசி மாதம், மூட்டமான ஒரு காலையில் போன விமானம் திரும்பவில்லை. படகும் விமானமும் போய்த் தேடின. அவரோடு வேலை பார்த்த, கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்து சொன்னார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. நான் ஒன்றே ஒன்று கேட்டேன், மேலேயிருந்து பார்த்தால் தெரியவில்லையா என்று. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “கடலும் அந்த நெறந்தாம்மா” என்றார். மஞ்சளாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கிடைத்திருப்பார். இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வியே நம் வீட்டில் எழுந்திருக்காது. விமானத்தை ஓட்டிப்போனவர் வீட்டில், உடம்பு கிடைக்காவிட்டாலும் சடங்கைச் செய்து முடித்துவிட்டார்கள். அவர் மனைவி வெள்ளைப் புடவையில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. பிற்பாடு எத்தனையோ நாள் அவள்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

பெரியப்பா வந்து நம்மை ஊருக்கு அழைத்துவந்தார். வழியெல்லாம் ரயிலில் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அது நடிப்பில்லை, நீ அப்படி நினைக்காதே. வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும். பூவை எடுப்பார்கள், வளையலை உடைப்பார்கள், பொட்டை அழிப்பார்கள். பெரியப்பா அப்போது கறுப்பு சிவப்புக் கரை வேட்டிதான் கட்டுவார், கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறவர். வாசற்படியில் நின்று இரண்டு கையையும் விரித்து மறித்தார். “எந்தக் காலத்துல இருக்கீங்க? பொண்டாட்டி செத்தா எந்த ஆம்பள எதக் கழட்டுறான்? எங்க வீட்டுப் பொண்ணு பொட்டும் பூவுமாத்தான் இருக்கும். அதுவும் அவன் செத்தான்னு யாருக்குத் தெரியும்?” என்றார். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்துபோனார்கள். அன்றைக்கு அவரை நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சொன்னதில் முதல் பாதி இன்றைக்கும் நியாயம்தான். இரண்டாவது பாதியை நான் அப்போது காதில் வாங்கவில்லை.

அழ வந்தவர்களை எல்லாம் அவர் திருப்பி அனுப்பினார். செய்தி வரும், நம்பிக்கையோடு இருக்கவேண்டும் என்றார். அந்த வீட்டில் உன் அப்பாவுக்காக என்னோடு அழுதவள் அஞ்சலை ஒருத்திதான். நம் வயலில் நடவு நட வருகிறவள். கூலி கேட்ட தகராறில் அந்தத் தை அறுவடையின்போதுதான் அவள் புருஷன் களத்தில் அடிபட்டுச் செத்துப்போயிருந்தான். கொல்லை வழியாக வந்து, மாட்டுக்கொட்டகை ஓரமாக உட்கார்ந்தாள். “எங்க ஆளு பொணமாவாச்சும் வந்து சேந்துச்சும்மா. கட்டிப்புடிச்சு அழுதேன். ஒங்களுக்கு அதுகூட இல்லியே” என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். அதற்குப் பிறகு நடவு, களை என்று வரும்போதெல்லாம் அவள் கொல்லையில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். பேசவே மாட்டோம். அந்த வருஷம் எனக்குத் துணையாக இருந்தது அதுதான்.

குறுவை அறுத்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வந்து, ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான், மிச்சத்தைச் சர்க்கார் எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கும் என்று ஆனதல்லவா? பெரிய பண்ணைகள் எல்லாம் யார்யார் பெயரிலோ எழுதி வைத்தார்கள், நாய்க்குட்டி பெயரில்கூட எழுதியதாகச் சொல்லிச் சிரிப்பார்கள். பெரியப்பா தன் பங்கில் வாய்க்காலடி நிலம் முழுவதையும் உன் அப்பா பெயருக்கு மாற்றிவிட்டு, அதை நிர்வாகம் பண்ணும் உரிமையை ஒரு பவர் பத்திரத்தில் வாங்கி வைத்திருந்தார். உன் அப்பா லீவில் வந்தபோது அண்ணன் கேட்டார் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் அது செல்லும். அவர் இல்லை என்றால் அந்த நிலம் எனக்கும் உனக்கும் வந்துவிடும். அதனால் அவர் இருந்தாக வேண்டும். அவர் இருக்கவேண்டுமானால் என் நெற்றியில் குங்குமம் இருக்கவேண்டும்.

கடற்படையிலிருந்து, இறந்துவிட்டதாகக் கருதுகிறோம் என்று காகிதம் வந்தது. பெரியப்பா வாசித்துக் காட்டிவிட்டு, கருதுகிறோம் என்றுதானே போட்டிருக்கிறான், கண்டோம் என்று போடவில்லையே என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நான் இன்னும் பொட்டு வைக்கவேண்டுமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. எப்படிக் கேட்பது? மூடநம்பிக்கை கூடாது என்று ஊரையே எதிர்த்து நின்றவரிடம் போய், என்னை அழவிடுங்கள், என் பொட்டை அழிக்கவிடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? எனக்கு ஆதரவாகப் பேசின பேச்சே எனக்குப் பூட்டாகிவிட்டது. என் அப்பா அம்மா போய்விட்டார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு வேறு வீடு கிடையாது.

விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் மனுக் கொடுத்தார்கள், வாய்க்காலடி நிலம் இல்லாத ஆள் பெயரில் இருக்கிறது என்று. விசாரிக்கத் தாசில்தார் ஜீப்பில் வந்தார். அன்று காலையில் பெரியப்பாவே பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு பந்து மல்லிகைப்பூ வாங்கிவந்து கொடுத்தார். கரும்பச்சையில் சிவப்புக் கரை போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு நான் வாசலில் நின்றேன். வாய்க்கால் கரையில் சங்கத்து ஆட்கள் நின்றார்கள், அஞ்சலையும் நின்றாள். தாசில்தார் என்னை ஒரு கேள்வி கேட்பார், கேட்டால் வாயில் என்ன வருகிறதோ அதைச் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவே இல்லை. என் நெற்றியைப் பார்த்தார், தலைப் பூவைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்து எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். அஞ்சலையும் என் நெற்றியைத்தான் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் கொல்லைப்பக்கம் வரவில்லை. வயலுக்கு வந்தாள், வேலை செய்தாள், கூலி வாங்கிக்கொண்டு போனாள். எனக்குப் புருஷன் போனது ஒரு இழப்பு என்றால் அவள் வராமல் போனது இன்னொன்று.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். சின்ன வயதில் என்னோடு மாதாமாதம் தஞ்சாவூர் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். அல்வா வாங்கித் தருவேன் என்பதுதான் உனக்கு ஞாபகம் இருக்கும். டிரஷரியில் உன் அப்பாவின் பென்ஷன் வாங்கத்தான் போனோம். செத்தவர் பெண்சாதிக்கு வருகிற பென்ஷன். அதை வாங்கலாமா, இங்கே இருக்கிறார் என்று சொல்லிவிட்டு அங்கே இல்லை என்று வாங்குவது எப்படி என்று கேட்டேன். “அது வேற ஆபீஸும்மா, இது வேற ஆபீஸு. ஒருத்தன் எழுதினத இன்னொருத்தன் படிக்கமாட்டான்” என்றார் பெரியப்பா. முதல் மாதம் பொட்டும் பூவுமாக அப்படியே போய் நின்றேன். அங்கிருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுமணம் செய்துகொண்டீர்களா என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டேன். குங்குமத்தைத் தேய்த்து அழிப்பேன், வளையலைக் கழற்றிப் பைக்குள் போடுவேன், தாலியை உள்ளே தள்ளிவிடுவேன், பூவை உன் கையில் கொடுப்பேன். நீ அதை மோந்து பார்த்துக்கொண்டே வருவாய். வேலை முடிந்து பஸ் ஏறுவதற்கு முன்னால் அதே குழாயடியில் எல்லாவற்றையும் மறுபடி மாட்டிக்கொள்வேன். நீ ஒருதடவை, ஏம்மா இங்க வந்து வந்து மொகம் கழுவுற என்று கேட்டாய். வெயில் என்றேன். நடுவில் இருந்த அந்தக் கொஞ்சநேரம், டிரஷரித் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, நான் உன் அப்பாவின் பெண்சாதியாக இருந்தேன். குமாஸ்தா, பாவம் சின்ன வயசு என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்வது காதில் விழும். எனக்கு யாராவது துக்கம் கேட்டார்கள் என்றால் அந்த மனிதர்தான். மாதம் பிறந்தால் நீ அல்வாவுக்குக் காத்திருந்தாய், நான் அதற்குக் காத்திருந்தேன்.

பெரியப்பாவை நீ வெறுக்கவேண்டும் என்று இதை எழுதவில்லை. உன்னைப் படிக்கவைத்தார், காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வாய்க்காலடி நிலத்துக்காகச் சங்கத்து ஆட்கள் கோர்ட்டில் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை, உனக்குத் தெரியும். சொல்லிச்சொல்லி அவருக்கே நிஜமாகிவிட்டதோ என்று எனக்கு இப்போது சந்தேகம். போன மழைக்காலத்தில் உடம்பு முடியாமல் கிடந்தபோது, உன் அப்பாவை நினைத்து, தம்பி லீவு போட்டானா என்று என்னிடம் கேட்டார். “போட்டிருக்காங்க” என்றேன் நான். அவருக்கும் அழ இடமில்லாமல் போயிற்று, அவரே போட்ட பூட்டுக்குள் அவரும்தான் இருக்கிறார். பாவம்தான். ஆனால் பாவம் பார்த்தே என் தலை நரைத்துவிட்டது.

உன் கடிதம் வந்த மறுநாள் அவர் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பத்திரிகையில் அமரர் என்று போடப்போகிறோம் என்றேன். கோர்ட்டில் அந்தப் பத்திரிகையைக் காட்டினால் வழக்கு நிற்காது, தீர்ப்பு வருகிறவரைக்கும் பொறுத்துக்கொள் என்றார்.  பிறகு அவரே, “அவன் பங்குல ஒரு குழி நெலங்கூட நான் எடுத்துக்கலம்மா” என்றார். “எடுத்துக்கல பெரியத்தான். ஆளத்தான் எடுத்து வச்சுக்கிட்டீங்க. எனக்குத் திருப்பிக் குடுங்க” என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. நான் தொட்டுத் தேற்றவில்லை. அவரும் அழட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆகையால் அச்சகத்தில் சொல்லிவிடு. அமரர் என்றே போடட்டும். அந்த நிலம் இனி உன்னையும் என்னையும் தேடி வரும், அல்லது சர்க்கார் எடுத்துக்கொள்ளும். எனக்கு அது வேண்டாம். அஞ்சலையின் மகன்கள்தான் இன்றும் அதில் இறங்கி உழுகிறார்கள். உனக்கு என்ன தோன்றுகிறதோ செய், ஆனால் நிலத்துக்காக ஒரு மனிதரை இருக்கிறார் என்றோ இல்லை என்றோ சொல்லாதே.

விமானத்துக்குச் சாம்பல் நிறமே அடித்துவிடு. பட்டை அழகாக இருக்கும், குழந்தைகள் பார்த்துச் சந்தோஷப்படும், குழுக்காரர்கள் சொல்வதில் தப்பில்லை. எனக்கும் அந்தக் கதண்டு பிடிக்கும். ஆனால் கடைசியாக அவர் போனது பட்டையோடு இல்லை, சாம்பலோடு. இரண்டு கை அடி, ஒரு கையோடு விட்டால் பல்லைக் காட்டும். ஓரமாக ஒரு பலகை வைத்து, இது எப்போது எந்த நிறத்தில் இருந்தது, ஏன் இருந்தது என்று எழுதி வையுங்கள். அவர் பெயர் வேண்டாம்.

வரப்போகிற பெண்ணிடம் நீ எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று அம்மாக்கள் நிறையச் சொல்வார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அவளுக்கு ஒரு துக்கம் வந்தால், அதற்கு நல்ல பெயர் எதுவும் வைக்காமல் துக்கமாகவே இருக்க விடு. முற்போக்கு என்று சொல்லியும் அடக்காதே, சாஸ்திரம் என்று சொல்லியும் அடக்காதே. பொட்டு வைப்பதும் வைக்காததும் அவள் இஷ்டம். உன் கல்யாணத்தன்று நான் எப்படி நிற்பேன் என்று உனக்குக் கவலையாக இருக்கும். எனக்கே தெரியாது. அன்று காலையில் கண்ணாடியில் பார்த்து எப்படித் தோன்றுகிறதோ அப்படி வருவேன். நீ ஒன்றும் கேட்காதே, தாலியை மட்டும் எடுத்து உன் கையில் கொடுப்பது நான்தான் என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிடு.

கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் செத்தவர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படைப்போம் அல்லவா? தாத்தாவுக்கு வேட்டி, ஆயாவுக்குப் புடவை என்று இதுவரை எத்தனையோ படையலுக்கு வைத்திருக்கிறோம், உன் அப்பாவுக்கு ஒருதடவையும் வைத்ததில்லை. நேற்றுப் பட்டுக்கோட்டைக்குப் போனேன். நம்மைத் தெரிந்த கடைகளை எல்லாம் விட்டுவிட்டு, மணிக்கூண்டுப் பக்கம் ஒரு பாய் கடையில் ஏறினேன். யாருக்கு வேட்டி என்று பாய் கேட்டார். வீட்டுக்காரருக்கு என்றேன். வயதானவர்கள் கட்டுகிற மாதிரி சின்னக் கரையாக எடுத்துப் போட்டார். இது வேண்டாம், பெரிய கரையாகக் கொடுங்கள், அவர் சின்ன வயசு என்றேன். பாய் என் நரைத்த தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பச்சையும் அரக்குமாக எடுத்து விரித்தார். அரக்குக் கரையைத் தொட்டுப் பார்த்து, படையலில் வைக்க என்றேன்.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. என் நெற்றியைப் பார்த்தார். இருந்த குங்குமத்தைப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், “எப்பம்மா தவறுனாங்க?” என்று கேட்டார்.

“இப்பத்தான் பாய்” என்றேன்.

அவர் எழுந்து வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். கடையில் நல்ல கூட்டம். அத்தனை பேருக்கு நடுவில் வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு, நெடுநேரம் அழுதேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. புருஷன் செத்தவள் அழுவாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அம்மா